பிகேஷ்எஃப்எஸ் ஏன் கர்னலுக்குள் வந்தது, ஏன் வெளியே போனது?

கேள்வி இதுதான்: வீட்டுச் சர்வரில் நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்து பிகேஷ்எஃப்எஸ் (bcachefs) என்ற ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பை, போட்டு வைத்திருந்த ஒருவர், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் 6.18 வெளியீட்டுக்கு மாறியதும் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப்’ என்று பிழை வந்து மவுண்ட் ஆகாமல் (டிஸ்க் திறக்காமல்) நிற்கிறது என்கிறார். விசாரித்தால் கர்னலிலிருந்தே நீக்கிவிட்டார்களாம். “பத்து வருட உழைப்பைச் சேர்த்துக்கொண்டு, இரண்டே வருடத்தில் தூக்கிவிட்டார்கள். கோட் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? இது அரசியல் இல்லாமல் வேறென்ன?” என்று கேட்கிறார்.

முதலில் டிஸ்க் விஷயம். உங்கள் தரவு எங்கும் போய்விடவில்லை. அந்த வடிவத்தைப் படிக்கத் தெரிந்த நிரல்தான் புதிய கர்னலில் இல்லை. பதற்றத்தில் அந்த டிஸ்க்குகளின் மீது வேறு எந்தக் கருவியையும் ஓட்டாதீர்கள். பூட் மெனுவில் பழைய கர்னல் இருந்தால் அதில் ஏறுங்கள். அப்புறம் பிகேஷ்எஃப்எஸ் திட்டமே தரும் டிகேஎம்எஸ் மாட்யூலையும் (கர்னலோடு தனியாகச் சேரும் நிரல் துண்டு) அதன் கருவிகளையும் நிறுவுங்கள். டிகேஎம்எஸ் என்றால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டின்போதும் மாட்யூல் உங்கள் கணினியிலேயே புதிதாகக் கம்பைல் ஆகும். பெரும்பாலும் சிக்கல் இருக்காது. ஆனால் இயங்குதளமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் பிகேஷ்எஃப்எஸ் என்றால், கம்பைல் ஆனது உறுதியாகும் வரை ரீபூட் செய்யாதீர்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்ததை அரசியல் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது.

கர்னலுக்குள் கோட் ஒன்றைச் சேர்ப்பது என்றால் என்ன என்பதை நான் ஒரு ராத்திரியில் புரிந்துகொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் எங்களுக்கென்று ஒரு சிறிய ஃபைல் சிஸ்டம் மாட்யூல் இருந்தது. கர்னலுக்கு வெளியே வைத்து நாங்களே பராமரித்தோம். 2022-ல் 5.19 வந்தது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அப்டேட் போட்டோம், மாட்யூல் கம்பைல் ஆகவில்லை. நாங்கள் நம்பியிருந்த ‘ரீட்பேஜ்’ என்ற செயற்கூறு அமைப்பிலேயே இல்லை. அதற்குப் பதில் ‘ரீட்ஃபோலியோ’ வந்திருந்தது. நினைவகத்தைத் தனித்தனிப் பக்கங்களாகப் பார்க்காமல் ஃபோலியோ என்ற தொகுதிகளாகக் கையாளும் பெரிய மாற்றத்தின் ஒரு பகுதி அது. எதை மாற்றவேண்டும் என்று கண்டுபிடித்து, மாற்றி, சோதித்து முடிக்கும்போது விடிந்துவிட்டது.

காலையில் ஆத்திரத்தோடு அந்த மாற்றத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். கர்னலுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஃபைல் சிஸ்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ரீட்பேஜைப் பயன்படுத்திய ஒவ்வொன்றிலும் போய் அந்த மாற்றத்தைச் செய்திருந்தார்கள், யாரோ நாலு பேர் மட்டும் பயன்படுத்தும் பழைய அமிகா வடிவம் உட்பட. அதுதான் அங்கே விதி. உள் இடைமுகத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் எல்லாக் கோடையும் தானே திருத்தித் தரவேண்டும். வெளியே இருந்த எங்களுக்கு மட்டும் யாரும் திருத்தித் தரவில்லை. தரவேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

உள்ளே போக எல்லாரும் துடிப்பது இதற்காகத்தான். உள்ளே இருப்பவர்கள் யோசிப்பதும் இதனால்தான். புதிதாக ஒரு ஃபைல் சிஸ்டம் சேர்ந்தால், இனி எல்லா ஃபைல் சிஸ்டங்களுக்கும் மேலே இருக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கிலோ நினைவக நிர்வாகத்திலோ கைவைக்கும் ஒவ்வொருவரும் அதையும் படிக்கவேண்டும், திருத்தவேண்டும், சோதிக்கவேண்டும். எழுதியவர் நாளை ஊரைவிட்டுப் போனாலும் கோட் போகாது. அதன் மீது யாரோ ஒருவர் தன் தரவை வைத்திருப்பார். ரைசர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் 2001-ல் 2.4.1 வெளியீட்டில் சேர்ந்தது. அதை எடுத்துவிடலாம் என்று 2022-ல் முடிவாகி, உண்மையில் எடுத்தது 6.13-ல். அதாவது ஏறத்தாழ 24 வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

பிகேஷ்எஃப்எஸ்ஸின் கதை பிகேஷிலிருந்து தொடங்குகிறது. வேகமான எஸ்எஸ்டியை, மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் கேஷாக வைப்பதற்கு கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதியது பிகேஷ். 2013-ல் 3.10 வெளியீட்டில் சேர்ந்தது, இன்னும் இருக்கிறது. அதற்குள் இருந்த பிட்ரீயை, அதாவது தரவை வரிசைப்படுத்தித் தேடும் மர அமைப்பை, பார்த்தபோது, இது ஒரு ஃபைல் சிஸ்டத்தின் பாதி வேலையை ஏற்கெனவே செய்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. 2015 ஆகஸ்டில் பிகேஷ்எஃப்எஸ்ஸை அறிவித்தார். பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது, எல்லாவற்றுக்கும் செக்சம் (தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்), சுருக்கம், குறியாக்கம், ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பிரதி), பல டிஸ்க்குகளைச் சேர்த்தல் என்று பட்டியல் பெரியது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. நன்கொடைகளை நம்பி, பெரும்பாலும் அவர் ஒருவரே எழுதினார். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இதே போன்ற வசதிகள் உள்ள இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் உரிமம் கர்னலோடு ஒத்துப்போகாது என்பதால், அதற்கு இணையாக ஒன்று கர்னலின் உரிமமான ஜிபிஎல்லில் வேண்டும் என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

2023 மே மாதம் சேர்க்கைக்கான பேட்ச் (கோட் மாற்றங்கள்) தொகுப்பு வந்தது. மொத்தத்தில் 90,000 வரிகளுக்கு மேல். அப்போது எழுந்த சண்டைகளில் இரண்டை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இடம் கொடுத்து எழுதவேண்டியவை அவைதான்.

முதலாவது ஜிட் (JIT). பிட்ரீயில் இருக்கும் கீகளை (தேடு குறிகளை) இடம் மிச்சப்படுத்த இறுக்கிக் கட்டி வைக்கிறது பிகேஷ்எஃப்எஸ். ஒவ்வொரு கணுவுக்கும் கட்டும் விதம் வேறு. அவிழ்ப்பதை வேகமாக்க, அந்தந்தக் கணுவுக்கு ஏற்ற இயந்திரக் குறியீட்டை ஓடும்போதே உருவாக்கி ஓட்டுவது அவருடைய யோசனை. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. ஆனால் அதற்கு, எழுதவும் முடிகிற ஓடவும் முடிகிற நினைவகம் கர்னலுக்குள் வேண்டும். தாக்குபவர்கள் தேடுவதே அப்படிப்பட்ட இடத்தைத்தான். அதைக் கர்னலிலிருந்து ஒழிக்கப் பல வருடம் பாடுபட்ட பாதுகாப்புக் குழுவினர், ஒரு ஃபைல் சிஸ்டத்துக்காக அந்தக் கதவைத் திரும்பத் திறக்க மறுத்தார்கள். கென்ட் வாதாடிப் பார்த்தார். கடைசியில் ஜிட் பகுதியை எடுத்துவிட்டுத்தான் முன்னே போக முடிந்தது. இதில் நான் முழுக்கப் பாதுகாப்புக் குழுவின் பக்கம்.

இரண்டாவது வேறு மாதிரி. ஒரு சோதனை இருக்கிறது: டிஸ்க்கை மவுண்ட் செய்து, அதன் மேல் ஒரு புரோகிராமை வேகமாக எழுதவிட்டு, நடுவில் அதைக் கொன்று, உடனே அன்மவுண்ட் செய்யவேண்டும். புரோகிராம் செத்துவிட்டதால் கோப்புகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், அன்மவுண்ட் ஆகவேண்டும். ஆனால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று வந்தது. காரணம், ஐஓ யூரிங் (கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் கர்னல் தரும் ஒரு வேகமான வழி) வழியாகத் திறந்த கோப்புகளைக் கடைசியாக விடுவிக்கும் வேலை பின்னணியில் தள்ளிப்போடப்பட்டிருந்தது. புரோகிராம் செத்த பிறகும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கோப்பு யாருடைய கையிலோ இருந்தது. இது பிகேஷ்எஃப்எஸ்ஸின் தவறு அல்ல. வேறிடத்தில் பதுங்கியிருந்த கோளாறை அதன் சோதனை வெளியே இழுத்துப் போட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஐஓ யூரிங்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போவுக்கும் கென்ட்டுக்கும் அது பெரிய வாக்குவாதமாகப் போனது. யாருடைய கோட்டில் கோளாறு, எவ்வளவு அவசரம், யார் எப்போது திருத்துவது என்று நீண்டது. பின்னால் நடந்த எல்லாவற்றின் சாயலும் அந்த வாக்குவாதத்திலேயே இருந்தது. கென்ட் சொன்ன தொழில்நுட்ப விஷயம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொன்ன விதத்தால் எதிரில் இருப்பவர் உதவ மனம் வராமல் பின்வாங்குவார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 90,000 வரிகளை உட்கார்ந்து படிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சில பத்துப் பேர்தான். அவர்களுக்கும் சொந்த ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பராமரித்த டாரிக் வாங், வேலைச் சுமையால் ஏற்பட்ட களைப்பைச் சொல்லி அதே 2023-ல்தான் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ‘ஏன் யாரும் ரிவ்யூ செய்வதில்லை’ என்று கேட்பது எளிது. ரிவ்யூ செய்யும் ஆட்களே தேய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜூன் கடைசியில் 6.5-க்காகக் கேட்டது நடக்கவில்லை. 6.6-க்கும் நடக்கவில்லை. முதலில், அடுத்த வெளியீட்டுக்கான கோடைச் சேர்த்துச் சோதிக்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் மரத்தில் போட்டு, மற்றவர்களின் வேலையோடு சேர்ந்து கம்பைல் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார், கர்னலில் எது சேரும் என்று கடைசியாக முடிவு செய்யும் லினஸ் டோர்வால்ட்ஸ். போட்டார்கள். அக்டோபர் கடைசியில் லினஸ் சேர்த்துக்கொண்டார். 2024 ஜனவரியில் 6.7 வெளிவந்தபோது ‘சோதனை நிலை’ என்ற முத்திரையோடு பிகேஷ்எஃப்எஸ் அதில் இருந்தது.

சரி, சேர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன சண்டை? இங்கேதான் கர்னலின் கால அட்டவணையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஒரு வெளியீடு முடிந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ. புதியது எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் வரவேண்டும். பிறகு ஆர்சி 1, ஆர்சி 2 என்று வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகள் வாரத்துக்கு ஒன்றாக ஏழோ எட்டோ வரும். அந்த நாட்களில் திருத்தங்கள் மட்டும்தான், அவையும் சிறியவையாக இருக்கவேண்டும். ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு, உடனே அடுத்த சுற்று. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதும் ஒரு பொருள் ஒவ்வொரு இரண்டரை மாதத்துக்கும் தவறாமல் வெளிவருகிறது என்றால் அது இந்த ஒரு விதியால்தான்.

2024 ஆகஸ்டில், 6.11-க்கான ஆர்சி வாரங்களில், கென்ட் பெரிய தொகுப்பு ஒன்றை அனுப்பினார். திருத்தங்களோடு புதிய மாற்றங்களும் இருந்தன, பிகேஷ்எஃப்எஸ்ஸுக்கு வெளியே இருக்கும் கோட்டையும் அது தொட்டது. லினஸ் போதும் போதும் என்று மறுத்தார், இதைச் சேர்த்ததற்கே வருத்தப்பட ஆரம்பித்திருப்பதாகவும் எழுதினார். கென்ட்டின் பதில் எளிமையானது: இது என் பயனர்களின் தரவு. கோளாறுக்குத் தீர்வு கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருந்தால், அதற்குள் யாருடைய டிஸ்க்காவது போய்விடும்.

இந்த இடத்தில் நான் நெடுநாள் தடுமாறினேன். ஸ்டோரேஜ் வேலை பார்ப்பவனுக்கு அந்த வாதம் நெஞ்சில் இறங்கும். கிராபிக்ஸ் டிரைவரில் கோளாறு என்றால் திரை மினுக்கும், ரீபூட் செய்தால் சரியாகிவிடும். ஃபைல் சிஸ்டத்தில் கோளாறு என்றால் பெண்ணின் கல்யாணப் படங்கள் திரும்பி வராது. அவசரம் உண்மையானது. ஆனால் அதே காரணம்தான் எதிர்ப்பக்கமும் நிற்கிறது. அவசரத்தில் எழுதிய ஃபைல் சிஸ்டத் திருத்தத்தை வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் உள்ளே விட்டால், அது இன்னொருவருடைய படங்களைத் தின்னலாம். அந்த அக்டோபரில் 6.12-க்கு அனுப்பிய தொகுப்பு ஒன்று பிக் எண்டியன் (எண்களின் பைட்டுகளை வேறு வரிசையில் வைக்கும்) கணினிகளில் கம்பைலே ஆகவில்லை. லினக்ஸ்-நெக்ஸ்டில் நாலு நாள் இருந்திருந்தால் தானியங்கிச் சோதனையே அதைப் பிடித்திருக்கும்.

அதைவிட முக்கியம் அந்தச் ‘சோதனை நிலை’ முத்திரை. பயனர்கள் நம்பித் தரவை வைத்திருக்கிறார்கள், ஆகவே விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்டால், அது சோதனை நிலையில் இல்லை என்று ஆகிறது. சோதனை நிலையில்தான் இருக்கிறது என்றால், திருத்தம் அடுத்த சுற்றில் வந்தாலும் பரவாயில்லை. அவசரப்படுகிறவர்கள் கென்ட்டின் மரத்திலிருந்தே எடுத்துக் கம்பைல் செய்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. லினஸ் தரப்பில் நான் ஏற்றுக்கொள்ளும் வாதம் இதுதான். கென்ட்டின் வேலை அந்த வேகத்தில் மாறிக்கொண்டிருந்தவரை அது வெளியே இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. டிஸ்க் வடிவம் ஓரளவு உறைந்த பிறகு, 2025-லோ 2026-லோ உள்ளே வந்திருந்தால் இந்தச் சண்டைகளில் பாதி நடந்திருக்காது. பிட்டிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை 2009-ல் வடிவம் முழுதாக முடியும் முன்பே சேர்த்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் பல நிறுவனங்களின் ஆட்கள் இருந்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டால் இன்னொருவர் பேசினார்.

2024 நவம்பரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவக நிர்வாகம் பற்றிய ஒரு விவாதத்தில், மூத்த டெவலப்பர் ஒருவரிடம் கென்ட் கடுஞ்சொல் பயன்படுத்தினார். நடத்தை விதிக் குழு பொது மன்னிப்பு எதிர்பார்த்தது, அது வரவில்லை. 6.13 சுற்றில் அவருடைய மாற்றங்களை ஏற்கவில்லை. 6.14-ல் மறுபடி ஏற்றார்கள். பலர் எல்லாம் இதனால்தான் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு வந்தது 2025 ஜூனில், அந்தப் பழைய கால அட்டவணைச் சண்டையில்தான்.

6.16-ன் மூன்றாவது ஆர்சிக்கு கென்ட் அனுப்பிய தொகுப்பில் ‘ஜர்னல் ரிவைண்ட்’ என்று ஒன்று இருந்தது. ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் உரிய இடத்தில் எழுதும். அந்தக் குறிப்பேடுதான் ஜர்னல். பழைய பக்கங்கள் உடனே அழிவதில்லை, இடம் தேவைப்படும்போதுதான் மேலெழுதப்படும். ஆகவே ஒரு கோளாறால் கோப்புகள் மறைந்துபோனால், குறிப்பேட்டைச் சில பக்கங்கள் பின்னால் புரட்டி, ‘இந்த நேரத்தில் இருந்த நிலைக்குப் போ’ என்று சொல்லலாம். எல்லாம் திரும்பும் என்ற உறுதி இல்லை, இடையில் மேலெழுதப்பட்டது போனது போனதுதான். ஆனாலும் எல்லாம் போச்சு என்று நிற்பவருக்கு அது உயிர். கோப்புகளை இழந்த பயனருக்காகவே கென்ட் அதை எழுதினார். நான் அந்தக் கோட்டைப் படித்தபோது, இப்படி ஒன்றை ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்திலும் வைக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

ஆனால் அது திருத்தம் இல்லை, புது வசதி. மூன்றாவது ஆர்சியில் வந்தது. லினஸ் அதைச் சுட்டிக்காட்டினார். இது மீட்புக்கானது, எது ஏற்கத்தக்கது என்பது ஃபைல் சிஸ்டத்தை எழுதியவனுக்குத்தான் தெரியும் என்ற தொனியில் கென்ட் வாதிட்டார். லினஸ் அந்தத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டார். கூடவே, 6.17-ன் மெர்ஜ் விண்டோவில் நாம் பிரிந்துவிடுவோம் என்றும் எழுதினார். சொன்னபடியே 6.17-ல் புதிதாக எதையும் எடுக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பராமரிப்பாளர் பட்டியலில் ‘வெளியே பராமரிக்கப்படுகிறது’ என்று பிகேஷ்எஃப்எஸ்ஸுக்கு எதிரே எழுதினார்கள். கென்ட் டிகேஎம்எஸ் வழிக்கு மாறியதும், உள்ளே கிடந்த கோட் பழையதாகிவிட்டது, இரண்டு பதிப்பு இருந்தால் குழப்பம் என்ற காரணத்தோடு செப்டம்பர் கடைசியில் 6.18-க்கான மரத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதைத்தான் நீங்கள் உங்கள் திரையில் பார்த்தீர்கள்.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. ரைசர்4 என்ற ஃபைல் சிஸ்டம் 2004-ல் கர்னலின் மூத்த பராமரிப்பாளர் ஆண்ட்ரூ மார்ட்டனின் சோதனை மரம் வரை வந்தது. ஒரு கோப்பையே அடைவாகவும் திறக்கலாம் என்பது போன்ற துணிச்சலான யோசனைகள் அதில் இருந்தன. அது எல்லா ஃபைல் சிஸ்டங்களுக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கின் வேலை, ஒரு ஃபைல் சிஸ்டம் தனியாகச் செய்யக்கூடாது என்றார்கள். அதை எழுதிய ஹான்ஸ் ரைசர், அந்த எதிர்ப்பை மற்றவர்களின் பொறாமை என்றே எடுத்துக்கொண்டார். வருடக்கணக்கில் இழுத்து, அது கடைசிவரை சேரவே இல்லை. பாராகான் நிறுவனம் 2020 ஆகஸ்டில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தைக் கையாளும் என்டிஎஃப்எஸ்3-ஐ 27,000 வரிகள் கொண்ட ஒரே கட்டியாக அனுப்பியபோது, இதை எப்படிப் படிப்பது என்று திருப்பி அனுப்பினார்கள். பிரித்து, திருத்தி, திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து 5.15-ல் சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2002-ல் நடந்தது, இன்றைக்கு அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்து நிர்வகிக்க ஐபிஎம்மில் ஒரு குழு ஈவிஎம்எஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. சிஸ்டினா என்ற நிறுவனம் அதே வேலைக்கு டிவைஸ் மேப்பர் என்று மிகச் சிறியதாக ஒன்றை எழுதியிருந்தது. கர்னலுக்குள் போனது டிவைஸ் மேப்பர். அடுத்த சில நாட்களில் ஈவிஎம்எஸ் குழு, எங்கள் கர்னல் கோடைக் கைவிடுகிறோம், எங்கள் கருவிகளை டிவைஸ் மேப்பர் மேலேயே ஓடும்படி மாற்றி எழுதுகிறோம் என்று அறிவித்தது. வருடக்கணக்கான உழைப்பை அப்படிக் கீழே வைப்பது எவ்வளவு வலித்திருக்கும் என்று கோட் எழுதும் யாருக்கும் தெரியும். இன்று உங்கள் லேப்டாப்பில் எல்விஎம்மோ (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கருவி) டிஸ்க் குறியாக்கமோ இருந்தால் அதற்கு அடியில் ஓடுவது அந்த டிவைஸ் மேப்பர்தான்.

அரசியலா என்று கேட்டீர்கள். கோட்டின் தரத்துக்காக நீக்கவில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். கர்னலுக்குள் இதைவிட மோசமான கோட் நிறைய இருக்கிறது, நான் படித்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பது என்பது ஆர்சி வாரத்தில் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்த சுற்று வரை பொறுப்பது, என்றைக்கோ அடுத்தவர் வந்து உங்கள் ரீட்பேஜை மாற்றும்போது அவர் கேட்பதற்குப் பதில் சொல்வது. அதை ஏற்க ஒருவர் மறுக்கும்போது, மற்றவர்கள் அவர் கோடைச் சுமக்க மறுத்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது உங்களைப் போன்ற பயனர்கள். அந்தப் பொறுப்பு இரண்டு பக்கத்துக்கும் உண்டு. குறிப்பாக 2023-ல், ஒரே ஆளை நம்பியிருக்கும் ஒரு ஃபைல் சிஸ்டத்தை அந்த வேகத்திலேயே உள்ளே விட்டவர்களுக்கும் உண்டு.

கென்ட் வேலையை நிறுத்தவில்லை. வெளியிலிருந்து, தன் வேகத்தில், யாரிடமும் ஆர்சி கணக்குக் கேட்காமல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறார். என் வீட்டிலும் பேக்கப் டிஸ்க் ஒன்று இன்னும் பிகேஷ்எஃப்எஸ்ஸில்தான் இருக்கிறது. கர்னல் அப்டேட் வரும்போது மாட்யூல் கம்பைல் ஆனதா என்று பார்த்துவிட்டுத்தான் ரீபூட் செய்கிறேன். அந்த டிஸ்க்கின் இன்னொரு பிரதி எக்ஸ்ட்4 என்ற வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது. உங்கள் நான்கு டிஸ்க்குகளுக்கும் அப்படி ஒரு பிரதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், பழைய கர்னலில் ஏறி மவுண்ட் ஆனதும் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.